மூன்றாவது முறை கேட்டவள்

நம் வயதுக்காரர்கள் பூங்காவில் நடந்து முடித்து பெஞ்சில் உட்கார்ந்ததும் பேச்சு சர்க்கரையில் தொடங்கி, ரத்தக் கொதிப்பில் கொஞ்சம் நின்று, கடைசியில் சிறுநீரில் வந்து முடிகிறது. யார் எத்தனை தடவை எழுந்து போகிறார், யாருக்கு வருவதுபோல இருந்து வராமல் போகிறது என்று ஒருவரையொருவர் கேலி செய்து சிரிக்கிறோம். போன வாரம் நீங்கள் எல்லோரும் அப்படிச் சிரித்தபோது நான் எழுந்து போய்விட்டேன். கோபம் என்று நினைத்திருப்பீர்கள். பயம்தான். அந்தப் பேச்சு வந்தாலே வராந்தாவில் கால்களைப் பின்னிக்கொண்டு நின்ற ஒரு சின்னப் பெண்ணின் முகம் எனக்கு வந்துவிடும். நேரில் சொல்லத் தைரியம் இல்லை. எழுதிக் கொடுத்துவிடுகிறேன். படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி.

அந்தப் பெண் என் தங்கை. அப்போது அவள் ஐந்தாம் வகுப்பு, நான் எட்டாம் வகுப்பு. எண்பதுகளின் தொடக்கம். ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். ஒரே மாதிரி மஞ்சள் வீடுகள், ஒரே மாதிரி பச்சைக் கதவுகள். காலை ஏழரைக்குச் சங்கு ஊதினால் ஒரு தெருவே சைக்கிளில் ஏறிப் புறப்படும். திருநெல்வேலிக்காரர், ஆற்காட்டுக்காரர், தஞ்சாவூர்க்காரர் என்று எல்லா ஊர்க்காரர்களும் அந்தச் சங்குக்கு ஒன்றாக எழுந்தோம், ஒன்றாகச் சாப்பிட்டோம். மற்றதற்கும் ஒரு நேரம் உண்டு என்று எங்கள் வீட்டில் அப்பா நம்பினார்.

அப்பா சார்ஜ்மேன், ஒரு பிரிவுக்கு மேற்பார்வையாளர். அவருடைய பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. கழிப்பறைக்குப் போகிறவர் ஆணியில் மாட்டியிருக்கும் பித்தளை வில்லையை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். பிரிவுக்கு ஒரே வில்லை. ஐந்து நிமிடம். அது ஆணிக்குத் திரும்பினால்தான் அடுத்த ஆள் எழுந்திருக்கலாம். அப்பா அதைச் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து பெருமையாகச் சொல்வார்.

“ஒரே ஒரு வில்லை. பீடி குடிக்கிற கூட்டமே கலைஞ்சி போச்சி. முன்ன ஒவ்வொருத்தனும் அரை மணி நேரம் போவான். இப்ப எல்லாவனுக்கும் அஞ்சே நிமிஷத்துல வந்துடுது.”

எங்கள் பள்ளிக்கூடம் குவார்ட்டர்ஸின் கோடியில், வேலிக்காத்தான் புதரை ஒட்டி இருந்தது. அந்த வருடம் பையன்கள் ‘ஒண்ணுக்கு சார்’ என்று விரலைக் காட்டிவிட்டு மதில் ஏறிக் குதித்து ஐஸ் வண்டிக்காரனிடம் போய் நின்றார்கள். பெற்றோர் கூட்டத்தில் ஹெட்மாஸ்டர் அதைச் சொல்லிப் புலம்பியதும் அப்பா எழுந்து, நான் ஒரு வழி செய்கிறேன் என்றார். அடுத்த வாரமே அலுமினியத் தகட்டில் எட்டு வில்லைகள் வெட்டி, ஓரத்தை அரத்தால் ராவி, வகுப்பு எண்ணைக் குத்தி எடுத்து வந்தார். வகுப்புக்கு ஒன்று. பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் இருந்த நாற்பது ஐம்பது பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பாவின் பிரிவில் பெண்களே கிடையாது.

வில்லைகள் எங்கள் வகுப்பின் வெளி வராந்தாவில் ஒரு பலகையில் தொங்கின. பள்ளித் தலைவன் நான் என்பதால் அவற்றைக் கொடுத்து வாங்குவது என் வேலை. ஒரே நாளில் இரண்டு முறைக்கு மேல் கேட்டவர்களின் பெயரை நான் குறித்து வைத்து மறுநாள் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும். பதின்மூன்று வயதுப் பையன் கையில் எண்ணூறு பேரின் அவசரத்தை ஒப்படைத்தார்கள். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

பையன்களுக்கு வில்லை ஒரு விளையாட்டு. அவர்களுக்கு உண்மையில் முட்டியபோது புதரோரம் போதும். வில்லையை எடுத்துக்கொண்டு சும்மா சுற்றினார்கள். பெண் பிள்ளைகள் கேட்கும்போது அது பெரும்பாலும் ஏதாவது ஒரு பையனின் சட்டைப் பையில் இருந்தது. கிடைத்தாலும் ஐந்து நிமிடம் அவர்களுக்குப் போதாது. மைதானத்தைக் கடந்து, கழிப்பறைச் சாவி வைத்திருக்கும் ஆயாவைத் தேடிப் பிடித்து, தொட்டியில் அடியில் கிடக்கும் தண்ணீரை டப்பாவால் மொண்டு, தாழ்ப்பாள் இல்லாத கதவை ஒரு காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை. உள்ளே பினாயிலும் மூத்திரமும் வெயிலில் வெந்து கண்ணைக் கரிக்கும். நான் அதற்குள் ஒரு முறை எட்டிப் பார்த்திருக்கிறேன். பார்த்தவன்தான் நான். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது.

மாசி மாதம் பிறந்திருந்தது. ஒரு நாள் காலை பள்ளிக்குப் புறப்படும்போது தங்கை குளியலறையில் வெகு நேரம் இருந்தாள். குழாயைத் திறந்துவிட்டிருந்தாள். அந்தச் சத்தத்துக்கு அடியில் அவள் பல்லைக் கடித்து மூச்சு விடுவது கேட்டது. வெளியே வந்தவள் என் கையைப் பிடித்து இழுத்து மெதுவாகச் சொன்னாள்.

“ண்ணா, ஒண்ணுக்குப் போனா மொளகாத்தூள் பட்ட மாதிரி எரியுதுண்ணா. போயிட்டு வந்தவுடனே மறுபடி வர மாதிரியே கீது.”

“கீதுன்னு பேசாதே, அப்பா அடிப்பாரு.”

“அம்மாகிட்ட சொல்லாத. சுண்ணாம்பு வெப்பாங்க.”

எங்கள் வீட்டில் நீர்க்கடுப்புக்கு அதுதான் வைத்தியம். சூடு என்பார்கள். கால் கட்டைவிரல் நகத்தில் சுண்ணாம்பைத் தடவி, தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்துப் படுக்கப் போடுவார்கள். சுண்ணாம்புக் காலோடு பள்ளிக்கு வந்தால் வகுப்பே கண்டுபிடித்துச் சிரிக்கும். அவளுக்கு எரிச்சலைவிட அதுதான் பெரிய பயம். நான் யாரிடமும் சொல்லவில்லை.

அன்று முதல் பீரியடில் அவள் வந்து வில்லை கேட்டாள். கொடுத்தேன். இரண்டாவது பீரியட் முடிவதற்குள் மறுபடி வந்தாள். கொடுத்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்றாவது முறை வந்து நின்றபோது என்னைச் சுற்றி என் வகுப்புப் பையன்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள்.

“மச்சான், உன் தங்கச்சிக்கு ஒரு வில்லையைக் கழுத்துலயே மாட்டிவுட்ருடா,” என்றான் ஒருவன்.

“கொயாய் தொறந்தே கீதுடா மாமே, மூட மறந்துட்டாங்கோ.”

எல்லோரும் சிரித்தார்கள். தங்கை அவர்களைப் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்தாள். பாவாடையை முன்பக்கம் ஒரு கையால் சுருட்டிப் பிடித்திருந்தாள். கால்களைப் பின்னிக்கொண்டிருந்தாள். “ண்ணா” என்றுகூட அவள் கூப்பிடவில்லை. பள்ளியில் அப்படிக் கூப்பிடக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். “லீடர், ப்ளீஸ்” என்றாள்.

“ரெண்டு தடவை ஆயிடுச்சி. போ,” என்றேன்.

காலையில் அவள் சொன்னது எனக்கு நினைவில் இருந்தது. இதை நான் எங்கும் சொன்னதில்லை. மறக்கவில்லை. மிளகாய்த்தூள் என்று அவள் சொன்ன சொல் காதில் இருக்கும்போதேதான் போ என்று சொன்னேன்.

மறுநாள் கூட்டத்தில் மூன்று பெயர் வாசித்தேன். மூன்றாவது அவளுடையது. சொந்தத் தங்கை என்று பார்க்காதவன் என்று ஹெட்மாஸ்டர் எண்ணூறு பேர் முன்னால் என் தோளைத் தட்டினார். அப்பாவுக்குச் செய்தி போனது. மாலையில் பட்டாணி சுண்டல் பொட்டலம் வாங்கி வந்து என்னிடம் மட்டும் கொடுத்தார். நான் தங்கைக்குப் பாதி கொடுத்தேன். அவள் வாங்கவில்லை.

அதன்பிறகு அவள் என்னிடம் வில்லை கேட்டு வரவே இல்லை. நான் அதை ஒழுக்கம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

ஆயாதான் முதலில் வந்து சொன்னாள். பள்ளியில் கூட்டிப் பெருக்கி, தொட்டிக்குத் தண்ணீர் சுமந்து, மணியடிக்கும் ஆயா. பட்டாபிராமிலிருந்து நடந்தே வருவாள். என்னை எப்போதும் கிண்டலாகத்தான் கூப்பிடுவாள்.

“கலெக்டர் நைனா, உன் தங்கச்சி டெய்லி பாட்டில் தண்ணிய அந்தப் புங்க மரத்துக்கு ஊத்திகினு கீதே, இன்னா சமாச்சாரம்?”

“மரம் வளரட்டும். உனக்கு இன்னா?”

“மரம் வளரும் நைனா. கொயந்த வாடிப்பூடும். பொட்டப்புள்ள காத்தாலேர்ந்து சாய்ந்தரம் வரிக்கும் ஒரு தபா கூட என்னாண்ட வந்து சாவி கேக்கல. நான் பாத்துகினுதான் கீறேன்.”

“நீ மொதல்ல கக்கூஸைக் கழுவு. அப்புறம் பேசு.”

அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனாள்.

சாம்பல் புதன் வந்தது. நாங்கள் கத்தோலிக்கர்கள். தவக்காலத்தில் ஒவ்வொருவரும் ஏதாவது ஒன்றை ஒறுத்தலாக விட வேண்டும். அப்பா சிகரெட்டை விட்டார். அம்மா காப்பியை விட்டாள். நான் சினிமாவை விட்டேன், மாதம் ஒன்று பார்ப்பதுகூட இல்லை என்பதால் அது சுலபம். தங்கை சொன்னாள்:

“நான் பகல்ல தண்ணி குடிக்க மாட்டேன்மா. சேசுவுக்காக.”

அம்மாவின் கண் நிறைந்துவிட்டது. பத்து வயதுப் பெண்ணுக்கு இந்த ஞானம் எங்கிருந்து வந்தது என்று அக்கம்பக்கம் எல்லாம் சொன்னாள். ஞாயிறு பூசை முடிந்து சாமியாரிடம் சொன்னாள். சாமியார் தங்கையின் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அந்தக் கூட்டத்தில் அவள் ஏன் தண்ணீரை விட்டாள் என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அவள். இன்னொருவன் நான்.

பத்துப் பன்னிரண்டு நாளில் காய்ச்சல் வந்தது. பாயை நனைத்தாள். துர்நாற்றம் அடித்தது. அம்மா திட்டினாள், பிறகு பயந்தாள். சுண்ணாம்பும் விளக்கெண்ணெயும் நடந்தது. அடங்கவில்லை. அப்பாவால் வேலையிலிருந்து வர முடியவில்லை. அம்மாவும் நானும் அவளை ரிக்‌ஷாவில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம்.

அங்கே ஒரு லேடி டாக்டர். கொண்டை போட்டு, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருப்பார். சின்ன பாட்டிலில் தங்கையின் சிறுநீரைப் பிடித்து வரச் சொன்னார். கலங்கி, அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது. சோதனைச் சீட்டு வந்ததும் அதை இரண்டு முறை பார்த்தார்.

“சீழ் நிறைய இருக்கு. இது சூடு இல்லம்மா. கிருமி. நம்ம பின்பக்கம் இருக்கிற கிருமி முன்னால வந்து ஒண்ணுக்குப் போற துவாரத்து வழியா உள்ள ஏறிடுது. பொம்பளப் பிள்ளைங்களுக்கு அந்தப் பாதை ரொம்பச் சின்னது. ஏறுன கிருமிய வெளிய அடிச்சித் தள்றது எது தெரியுமா? ஒண்ணுக்குப் போறதுதான். தண்ணி குடிக்காம, வர்றப்ப போகாம அடக்கி வெச்சா அது உள்ளயே குடும்பம் நடத்தும்.”

“டாக்டர், அவ தவக்காலத்துக்குத் தண்ணிய ஒறுத்தல் பண்ணியிருக்கா,” என்றாள் அம்மா. குரலில் இன்னும் கொஞ்சம் பெருமை மிச்சமிருந்தது.

“மிட்டாயை விடச் சொல்லுங்க. தண்ணிய விடச் சொல்லி எந்தச் சாமி கேட்டுச்சி?”

திரைக்குப் பின்னால் அம்மாவிடம் தனியாக இன்னும் சொன்னார். முன்னாலிருந்து பின்னாலே கழுவ வேண்டும், பின்னாலிருந்து முன்னால் கையைக் கொண்டுவரக் கூடாது. பருத்தி உள்ளாடை, ஈரத்தோடு இருக்கக் கூடாது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை வந்தாலும் வராவிட்டாலும் போக வேண்டும். பத்து நாள் மாத்திரை, காய்ச்சல் விட்டாலும் நிறுத்தக் கூடாது. நான் அந்தப் பக்கம் திரும்பி நின்று எல்லாவற்றையும் கேட்டேன். பிறகு டாக்டர் திரையை விலக்கிக்கொண்டு வந்து என்னிடம் நேராகக் கேட்டார்.

“தம்பி, நீயும் அதே ஸ்கூல்தானே? அங்க பாத்ரூம் போக விடறாங்களா? அடக்கி வெக்கறாளா இவ?”

தங்கை கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தாள்.

“இல்ல டாக்டர். எப்ப வேணாலும் போகலாம். கேட்டா குடுப்பேன்... குடுப்பாங்க,” என்றேன்.

டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டே தலையாட்டினார். அவ்வளவுதான். ஒரு மூச்சு நேரம் ஆகியிருக்கும் அந்தப் பொய்க்கு. நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் பள்ளிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருப்பார். எழுதும் நோட்டு அவர் கையிலேயே இருந்தது.

நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. மாத்திரை உடம்புக்குச் சூடு என்று அம்மா நிறுத்தி மிச்சத்தை பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தாள். நான் பார்த்தேன். பத்து நாள் என்று டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். பேசினால் அந்த ஆஸ்பத்திரிப் பேச்சு முழுவதும் மறுபடி வரும், அதில் என் பொய்யும் வரும் என்று பேசாமல் இருந்தேன். தங்கை பள்ளிக்குத் திரும்பினாள். வீட்டில் தண்ணீர் குடித்தாள். பள்ளியில் பாட்டில் புங்க மரத்தடியில்தான் காலியானது.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். பொய் சொன்னேன், கீழ்ப்படியவில்லை, பூசையில் பராக்குப் பார்த்தேன் என்று வழக்கமான பட்டியலைச் சொன்னேன். பெட்டிக்குள் சாமியார் “வேற?” என்றார். மரச்சல்லடைக்குப் பின்னால் அவர் மூச்சில் வெற்றிலை மணத்தது. “வேற இல்ல சாமி,” என்றேன்.

குருத்து ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை. முழுப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. நான் கணக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். வராந்தாவில் ஓடும் கால் சத்தம் கேட்டது. ஆயா தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். பத்து வயதுப் பெண்ணின் கால்கள் ஆயாவின் முழங்கால் வரை தொங்கின. அவள் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பல் அடிக்கும் சத்தம் வகுப்புக்குள் கேட்டது. பாவாடையெல்லாம் வாந்தி.

“ஏ நைனா, எய்ந்து வாய்யா! ஒடம்பு நெருப்பா கொதிக்குது! இடுப்புல கை வெச்சா அலறுதுய்யா கொயந்த!”

நான் எழுந்தேன். பேனாவை மூடி வைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. பேனாவை மூடி, பையில் போட்டுவிட்டுத்தான் போனேன். ஆயா என் முகத்தைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“உனுக்குத் தெரியும்தானே?” என்று மட்டும் கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அதே லேடி டாக்டர். தங்கையின் முதுகில், விலாவுக்குக் கீழே, விரல் முட்டியால் லேசாகத் தட்டினார். அவள் கத்திய கத்தலில் அம்மா சுவரில் சாய்ந்துவிட்டாள்.

“கிட்னிக்கு ஏறிடுச்சி. ரத்தத்துலயும் கலந்திருக்கும்னு பயமா இருக்கு. ரெண்டு நாள் தாண்டட்டும்.”

தாண்டாவிட்டால் என்ன என்று அம்மா கேட்கவில்லை.

அந்த இரண்டு நாள் பகலை நான் வார்டு வாசலில் ஒரு மர பெஞ்சில் கழித்தேன். பச்சை பெயின்ட் அடித்த பெஞ்சு. அதில் யாரோ ஆணியால் ஒரு கப்பல் கீறியிருந்தார்கள். தங்கை வாய் வறண்டு, உதடு வெடித்து, கூப்பிட்டால் கண்ணைத் திறக்காமல் கிடந்தாள். பாட்டிலிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் அவள் கைக்குள் இறங்கியது. நான் ஜெபமாலை சொன்னேன். என்ன வேண்டினேன் என்று உங்களிடம் சொல்லியாக வேண்டும். அவள் கண் திறக்க வேண்டும் என்று வேண்டினேன். கண் திறந்தவள் வாய் திறக்கக் கூடாது என்றும் வேண்டினேன். இரண்டையும் ஒரே மூச்சில், ஒரே மாதாவிடம். அவள் செத்துப்போனால் யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்ற நினைப்பும் ஒரு தடவை வந்து போனது. வந்தது என்று எழுதுகிறேன். மறைக்கவில்லை.

ஞாயிறு காலை காய்ச்சல் இறங்கியது. தங்கை கண் திறந்து அம்மாவிடம் தண்ணீர் கேட்டாள். அப்பா கோயிலிலிருந்து குருத்தோலையோடு நேராக வந்திருந்தார். டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“பாப்பா, உண்மையைச் சொல்லணும். ஸ்கூல்ல ஒண்ணுக்குப் போறியா, அடக்கிக்கிறியா?”

தங்கை என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தபடி, தொண்டை கரகரக்கச் சொன்னாள்.

“போவேன் டாக்டர். எங்கண்ணாதான் லீடர். கேட்டா குடுத்துடுவான்.”

நான் அன்று பேசியதைத் தைரியம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வாய் தானாகத் திறந்துகொண்டது.

“குடுக்கல டாக்டர். அவ எரியுதுன்னு என்கிட்ட சொன்னா. சொல்லியும் குடுக்கல. பேரைப் படிச்சேன். அதுக்கப்புறம் அவ போறதே இல்ல. போன தடவை உங்ககிட்ட பொய் சொன்னேன்.”

டாக்டர் என்னைத் திட்டவில்லை. எதைக் கொடுக்கவில்லை என்று கேட்டார். வில்லையைப் பற்றிச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். அப்பா குறுக்கிட்டார்.

“பேக்டரியில இருக்கற முறைதான் மேடம். ஒரு ஒழுங்குக்காக. அங்க எல்லாரும் அஞ்சு நிமிஷத்துல வந்துடறாங்க.”

“உங்க செக்‌ஷன்ல எத்தனை பொம்பளைங்க வேலை செய்யறாங்க?”

அப்பா கையிலிருந்த ஓலையை விரலில் சுற்றினார்.

“திரும்பத் திரும்ப ஒண்ணுக்கு வர்றதுதான் இந்த நோயோட முதல் அடையாளம். இந்தக் குழந்தை மூணு தடவை வந்து உங்க பையன்கிட்ட அதைச் சொல்லியிருக்கு. நீங்க அதுக்குப் பேர் வாசிச்சிருக்கீங்க.”

அப்பா கையிலிருந்த குருத்தோலையைக் கிழித்துக்கொண்டே இருந்தார். தரையெல்லாம் நார். பிறகு வெளியே போனார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. என்னை அடிப்பார் என்று காத்திருந்தேன். அன்றும் அடிக்கவில்லை, பிறகும் அடிக்கவில்லை. திங்கட்கிழமை பள்ளிக்குப் போய் வில்லைகளைக் கழற்றிக்கொண்டு வந்ததாக அம்மா சொன்னாள். எங்கே போட்டார் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. சாகும்வரை அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. நாங்களும் பேசவில்லை. குடும்பங்களில் இப்படித்தான் நடக்கிறது.

தங்கை பிழைத்தாள். இந்த முறை மாத்திரை கடைசி வில்லை வரை உள்ளே போனது. ஆனால் அதோடு தீர்ந்துவிடவில்லை. முதல் பிரசவத்தின்போது ரத்தக் கொதிப்பு ஏறி, ஸ்கேன் எடுத்துப் பார்த்து, இடது சிறுநீரகம் சுருங்கிப்போயிருக்கிறது, சின்ன வயதில் பட்ட தழும்பு என்றார்கள். வலதுதான் இரண்டு பேர் வேலையைச் செய்கிறது. இப்போது அதுவும் களைக்கத் தொடங்கியிருக்கிறது.

உங்கள் வீட்டில் பேத்திகள் இருப்பார்கள். பள்ளியிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் குளியலறைக்கு ஓடுகிறாளா என்று பாருங்கள். தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வருகிறதா என்று பாருங்கள். எரிகிறது என்று சொன்னால் சூடு என்று சொல்லிவிடாதீர்கள். நான் சொல்வதற்கு யோக்கியதை இல்லாதவன். இருந்தாலும் சொல்கிறேன்.

போன மாதம் காட்டுப்பாக்கத்தில் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு அவளைக் கூட்டிப்போனேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போகிறோம். ஒரு லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு, வயிறு முட்ட அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். உள்ளே இருந்தவருக்கு நேரமாகிக்கொண்டே போனது. அவள் முழங்கால்களைச் சேர்த்து இறுக்கிக்கொண்டு, கைப்பையை மடியில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் வியர்வை.

டோக்கன் கூப்பிடும் பெண் வந்து, “அம்மா, இன்னும் ஒரு இருபது நிமிஷம் ஆகும். அடக்கிக்குவீங்களா?” என்று கேட்டாள்.

“அதெல்லாம் நல்லா அடக்குவேம்மா. சின்ன வயசுலயே பழகிட்டேன்,” என்றாள் தங்கை. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

“நீ எழுந்து போயிட்டு வா. வேணாம். இன்னைக்கு வேணாம், இன்னொரு நாள் எடுத்துக்கலாம். நான் அவங்ககிட்ட சொல்லிக்கிறேன். நீ போ.”

என் குரல் உயர்ந்துவிட்டது. அங்கிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தங்கையும் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“உட்காருண்ணா,” என்றாள். “இப்ப போனா ஸ்கேன்ல ஒண்ணும் தெரியாது.”

உட்கார்ந்தேன். இருபது நிமிடமும் அவள் அப்படியே இருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.